எந்திரத்தின் மூச்சை அளக்கும் கருவி

உடலுக்கு மூச்சு எத்துணை இன்றியமையாததோ, மோட்டார் வண்டியின் எந்திரத்துக்குக் காற்றும் அத்துணை இன்றியமையாதது. ஒரு லீற்றர் பெற்றோல் செவ்வையாக எரிந்து முடிவதற்கு ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று வேண்டும். பெற்றோலை விலைகொடுத்து வாங்குகின்றோம். ஆகவே அதன் கணக்கை நன்கறிவோம். காற்றுக்கு எவரும் விலை கேட்பதில்லை. ஆகவே அதன் கணக்கை மறந்துவிடுகின்றோம். ஆனால், எந்திரம் மறப்பதில்லை. இன்றைய வண்டிகளில் உட்புகும் காற்றைக் கணந்தோறும் அளந்து சொல்லுவதற்கென்றே ஒரு சிறு கருவி வைக்கப்பட்டிருக்கின்றது. அதன் இயல்பையும், அது பழுதுற்றவிடத்து ஆராயும் முறையையும் இம்மலர் வாயிலாக விளக்கப் புகுகின்றோம்.

தமிழ் கற்பிப்பவர் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதுவானேன் என்று சில அன்பர்கள் கருதக்கூடும். எம்மிடம் யாப்பும் அணியும் கற்ற மாணாக்கருள் பலர், இன்று சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள இக்கரையோரத்தில் வண்டி ஓட்டுபவராயும் வண்டி திருத்துபவராயும் இருக்கின்றனர். உடப்பிலிருந்தும் ஆண்டிமுனையிலிருந்தும் மீன் ஏற்றிச் செல்லும் வண்டிகளும், பாலாவி உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றிச் செல்லும் வண்டிகளும் எந்திரத்தை நம்பியே ஓடுகின்றன. 2013ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டு உயர்தர வகுப்பில் தொழில்நுட்பத் துறையும் ஒரு பாடத்துறையாக இருந்துவருகின்றது. ஆகவே இப்பொருள் நம் வகுப்பறைக்குப் புறம்பானதன்று. நல்ல தமிழில் விளக்க முடியாத பொருளை நாம் நன்கு விளங்கிக்கொண்டோம் என்று சொல்லுவதும் அரிது.

காற்றும் எரிபொருளும்

பெற்றோல் தானே எரிவதன்று; காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடியே எரிவது. ஒரு கிராம் பெற்றோல் முற்றாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும் என்பது இரசாயனக் கணக்கு. காற்றுக் குறைந்து பெற்றோல் மிகுமாயின் எரியாத எரிபொருள் கரும்புகையாகவும் நச்சுவாயுவாகவும் வெளியேறும். பெற்றோல் குறைந்து காற்று மிகுமாயின் எந்திரம் இழுக்கும் வலியை இழக்கும், இடையிடையே திணறும், சிலபோது நின்றும்போகும். எனவே, உட்செல்லும் காற்று எவ்வளவு என்பதை முதலில் அறிந்து, அதற்கேற்பப் பெற்றோலை அளந்து தெளித்தல் வேண்டும். பழைய வண்டிகளில் காபுரேற்றர் என்னும் உறுப்பு, ஓடும் காற்றின் உறிஞ்சலைக்கொண்டே இவ்வேலையைச் செய்தது. இக்கால வண்டிகளில் ஒரு சிறு கணினி பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களை ஏவுகின்றது. அக்கணினி கண்ணில்லாதது; அளக்கும் கருவி சொல்லுவதையே அது நம்பும். கருவி பொய்சொன்னால் கணினியும் தவறும்.

கனவளவும் திணிவும்

காற்றின் கனவளவை மட்டும் அளந்தாற் போதுமா? போதாது. புத்தளக் கடற்கரையில் ஒரு வாளியில் அடங்கும் காற்றும், நுவரெலியாவில் அதே வாளியில் அடங்கும் காற்றும் கனவளவால் ஒன்றே; திணிவால் வேறு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்குள்ள காற்று நம் கரையோரக் காற்றைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு அடர்த்தி குறைந்தது. எரிதலுக்கு உதவும் ஒட்சிசனும் அவ்வளவுக்குக் குறையும். காலையிற் கரையில் மீன் ஏற்றிய வண்டி, நண்பகலுக்குள் மலைநாட்டில் ஏறுகின்றது. பெற்றோலை அது கரையில் எடுத்த அதே கணக்கில் மலையிலும் எடுக்குமாயின், காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் வீணே எரியும். ஆதலால் கணினிக்கு வேண்டுவது, செக்கனுக்கு இத்தனை கிராம் காற்று என்னும் திணிவுக் கணக்கு.

முன்னைய கருவிகள்

காற்றை அளக்க முதலிற் பரவலாகக் கையாளப்பட்ட கருவி, காற்றோடும் குழாயில் ஒரு தட்டை விசைச்சுருளோடு பொருத்தி அமைத்ததாகும். காற்று மிகத் தட்டு மிகத் திறக்கும். அத்திறப்பின் அளவு மின்னடையாளமாகக் கணினிக்குச் செல்லும். ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1970களில் இம்முறையைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. தட்டு அசைந்து தேய்வதும், காற்றுக்கு அதுவே ஒரு தடையாக நிற்பதும், திணிவையன்றிக் கனவளவை ஒட்டியே அளப்பதும் அதன் குறைகள்.

வேறொரு முறை சுழிகளை எண்ணுவது. நம் களப்பில் நட்ட கம்பின் பின்புறத்தை நீரோட்ட வேளையில் உற்றுநோக்கினால், இடமும் வலமும் மாறிமாறிச் சுழிகள் தோன்றிச் செல்வதைக் காணலாம். நீரோட்டம் விரைந்தால் சுழிகளும் விரைந்து தோன்றும். இவ்வொழுங்கைத் தியடோர் வொன் கார்மன் என்னும் அறிஞர் 1911ஆம் ஆண்டளவில் கணிதத்தால் ஆராய்ந்தார். குழாயினுள் ஒரு சிறு தூணை நிறுத்தி, அதன் பின் எழும் சுழிகளை எண்ணிக் காற்றின் வேகத்தை அறியும் கருவிகள் சில ஜப்பானிய வண்டிகளில் இடம்பெற்றன. இவையும் கனவளவையே அளப்பன. வெப்பநிலையையும் அமுக்கத்தையும் வேறாக அளந்து திணிவைக் கணித்தல் வேண்டும்.

சூடான கம்பி

இன்று மிகுதியாக வழங்குவது சூடான கம்பி அல்லது சூடான படல முறை. இதன் தத்துவம் யாவரும் அறிந்ததே. கடலில் முழுகிக் கரையேறியவன் சோளகக் காற்றில் நின்றால் நடுங்குகின்றான். காற்று அடங்கினால் நடுக்கமும் அடங்குகின்றது. கொதிக்கும் தேநீரை ஊதிக் குடிக்கின்றோம். ஓடும் காற்று வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். மிகுந்தோடும் காற்று மிகுதியாகக் கவரும். மெல்லிய கம்பியொன்று காற்றோட்டத்தில் எவ்வாறு வெப்பத்தை இழக்கின்றது என்பதை எல். வி. கிங் என்னும் பௌதிக அறிஞர் 1914இல் ஆராய்ந்து ஒரு விதியாக வகுத்தார். 1980களின் தொடக்கத்தில் அவ்விதி மோட்டார் வண்டிக்குள் வந்து சேர்ந்தது.

கருவியின் அமைப்பு வருமாறு. காற்று வடிகட்டிக்கும், காற்றைக் கூட்டிக் குறைக்கும் திரொட்டில் கதவுக்கும் இடையிலுள்ள குழாயில் ஒரு மெல்லிய பிளாற்றினக் கம்பி பொருத்தப்பட்டிருக்கும். முற்பட்ட கருவிகளில் அதன் தடிப்பு 0.07 மில்லிமீற்றர், அதாவது ஒரு தலைமயிர் அளவே. மின்னோட்டத்தால் அக்கம்பி சுற்றியுள்ள காற்றைவிட ஏறத்தாழ 100 பாகை கூடுதலாகச் சூடாக்கப்படும். காற்று வந்து அதைக் குளிரச் செய்யும். குளிர்ந்தவுடன் சுற்றமைப்பு மின்னோட்டத்தைக் கூட்டி, கம்பியைப் பழைய சூட்டுக்கே கொண்டுவரும். இவ்வாறு சூட்டை மாறாமல் வைத்திருக்க எவ்வளவு மின்னோட்டம் வேண்டியிருக்கின்றதோ, அதுவே உட்செல்லும் காற்றின் அளவைக் காட்டும்.

கம்பியின் சூட்டைச் சுற்றமைப்பு எவ்வாறு அறிகின்றது? பிளாற்றினத்தின் மின்தடை, வெப்பநிலை ஒரு பாகை ஏற, நூற்றுக்கு ஏறத்தாழ 0.4 பங்கு ஏறும். ஆகவே தடையை அறிந்தால் சூட்டை அறியலாம். தடையை ஒப்பிட்டு அறிய உதவுவது உயர்தர மாணாக்கர் ஆய்வுகூடத்திற் செய்துபார்க்கும் உவீற்ஸ்டன் பாலமே. அதை 1833இல் முதலில் அமைத்தவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி. 1843இல் அதன் பயனை உலகறியச் செய்தவர் சார்ல்ஸ் உவீற்ஸ்டன். பாலத்தின் ஒரு கையிற் சூடான கம்பியும், மற்றொரு கையில் உட்புகும் காற்றின் வெப்பநிலையை உணரும் தடையும் அமைகின்றன. இதனால் வெயில் வேளையிலும் பனி வேளையிலும் கணக்குப் பிழைப்பதில்லை. பரீட்சைக்காகக் கற்று மறந்துவிட்ட பாலம், நாம் ஏறிச் செல்லும் வண்டியினுள் இடைவிடாது வேலைசெய்துகொண்டிருக்கின்றது.

இங்கே இரண்டு நுட்பங்களைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். முதலாவது, கம்பி இழக்கும் வெப்பம் காற்றின் வேகத்தை மட்டுமன்றி அதன் அடர்த்தியையும் பொறுத்தது. வேகமும் அடர்த்தியும் சேர்ந்ததே திணிவோட்டமாதலால், மலையிலும் கரையிலும் இக்கருவி நேரே திணிவைக் காட்டுகின்றது. இரண்டாவது, கிங் வகுத்த விதிப்படி, காற்றினாற் கவரப்படும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும். ஓட்டம் நான்கு மடங்கானால் அவ்வெப்பம் இரு மடங்கே ஆகும். ஆகவே கருவியின் வோற்றளவு தொடக்கத்தில் விரைந்தும் பின்னர் மெல்லவும் ஏறும். பல கருவிகளில் காற்றோட்டம் இல்லாதபோது ஏறத்தாழ 1 வோற்றும், எந்திரம் முழுவலியோடு இழுக்கும்போது 4 வோற்றுக்கு மேலும் காணப்படும். வேறு சில, வோற்றளவுக்குப் பதிலாகத் துடிப்புகளின் எண்ணிக்கையால் அளவைச் சொல்லுவன. அந்தந்த வண்டிக்குரிய கைந்நூலைப் பார்த்தே எண்களைத் துணிதல் வேண்டும்.

அழுக்கினால் விளையும் பொய்

கருவி வடிகட்டிக்குப் பின்னால் இருப்பினும் நுண்ணிய தூசி சிறிது சிறிதாக வந்து படியும். நம் பகுதியின் மணற்பாதைகளும், ஆண்டின் நடுமாதங்களில் ஓயாது வீசும் சோளகமும் இதற்குத் துணை. எண்ணெய் பூசிய வடிகட்டியைப் பொருத்தியவர் வண்டிகளில் எண்ணெய்ப் படலமும் சேரும். கடற்காற்றின் உப்பீரம் மின்செருகியின் ஊசிகளைப் பச்சை பூக்கச் செய்யும்.

படிந்த தூசி கம்பிக்குப் போர்வையாகின்றது. போர்த்திக்கொண்டவனுக்குக் குளிர் உறைக்காதது போல, கம்பியும் காற்றின் குளிர்ச்சியை முழுதும் உணராது. வெப்ப இழப்புக் குறைகின்றது. வேண்டிய மின்னோட்டமும் குறைகின்றது. 'காற்று குறைவாக வருகின்றது' என்று கருவி கணினிக்குச் சொல்லுகின்றது. கணினி அதை நம்பிப் பெற்றோலைக் குறைக்கின்றது. வண்டி ஏற்றத்தில் இழுக்காது. மிதித்தவுடன் ஒரு கணம் தயங்கும். முற்பட்ட கருவிகள் பலவற்றில், எந்திரத்தை நிறுத்தியவுடன் கம்பியை ஒரு செக்கன் வரை ஏறத்தாழ 1,000 பாகைக்குச் சூடாக்கி அழுக்கை எரித்துவிடும் ஏற்பாடு இருந்தது. பின்வந்த படலக் கருவிகளில் அவ்வேற்பாடு இல்லை.

மூவகை அளவை

பழுதை ஆராய்வது எவ்வாறு? சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியைக் கற்றோர், உண்மையை அறியும் வழிகளாகக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றும் எடுத்தாளப்படுவதை அறிவர். பதிப்பொருளை ஆராய வகுத்த அளவையை இரும்புப் பொருளுக்குக் கொணர்வது பொருந்துமோ எனில், பொருந்தும் என்போம். அறியும் நெறி யாண்டும் ஒன்றே.

காண்டல்: முதலிற் கண்ணாற் பார்த்தல் வேண்டும். காற்று வடிகட்டி அடைபட்டிருக்கின்றதா? அதன் பெட்டி செவ்வையாக மூடியிருக்கின்றதா? கருவிக்கும் திரொட்டிலுக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாயின் மடிப்புகளில் வெடிப்பு உண்டா? கவ்விகள் இறுகியிருக்கின்றனவா? செருகியைக் கழற்றி ஊசிகளில் பச்சை படிந்துள்ளதா என்று காண்க. பின்னர் மின்மானியால் மூன்று அளவைகளைப் பார்த்தல் வேண்டும்: கருவிக்கு வரும் மின்வழங்கல் பெற்றறியின் வோற்றளவோடு ஒத்திருக்கின்றதா, நிலக்கம்பியில் 0.1 வோற்றுக்கு மேல் இழப்பு உண்டா; எந்திரத்தை மெல்ல முடுக்கும்போது அடையாள வோற்றளவு தடங்கலின்றி ஏறுகின்றதா. எந்திரம் ஓடுகையிற் கம்பிக் கட்டை மெல்ல அசைத்துப் பார்க்கையில் வண்டி தடுமாறினால், பழுது கருவியில் இல்லை, இணைப்பிலேயே உள்ளது.

உரை: இன்று திருத்துமிடங்கள் பலவற்றில் ஸ்கானர் என்னும் கருவி உண்டு. 1996ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து ஐக்கிய அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்ட ஓ.பி.டி. இரண்டு என்னும் ஒழுங்கு, பின்னர் உலகெங்கும் பரவியது. அதன்படி காற்றளவிக்கு உரிய குறியீடுகள் பீ 0100 முதல் பீ 0104 வரையாகும். பீ 0100 சுற்றமைப்பின் பழுது. பீ 0101 அளவு எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லை. பீ 0102 அடையாளம் மிகத் தாழ்வு. பீ 0103 அடையாளம் மிக உயர்வு. பீ 0104 விட்டுவிட்டு வரும் பழுது. பீ 0171 என்பது பெற்றோல் குறைந்து காற்று மிகுந்த நிலையைக் குறிக்கும்.

உரையளவையைக் கொள்வதற்கு உரைப்பவனின் தகுதியை ஆராய்தல் முறை. ஸ்கானர், கணினி சொன்னதைத் திருப்பிச் சொல்லும் தூதன். கணினி, கருவிகள் சொன்னதைக் கொண்டு சொல்லுவது. தூதன் 'பீ 0101' என்றவுடன் 'கருவி செத்தது, புதிது வாங்குக' என்று பொருள்கொள்வது, பதவுரை பார்த்துப் பொழிப்புரையை விட்டதற்கு ஒப்பாகும். கணினி எதிர்பார்த்த அளவும் கருவி சொன்ன அளவும் பொருந்தவில்லை என்பதே அக்குறியீட்டின் பொருள். பொருந்தாமைக்குக் காரணம் வெடித்த குழாயாகவும் இருக்கலாம். அடைபட்ட வடிகட்டியாகவும் இருக்கலாம்.

கருதல்: மலையிற் புகையைக் கண்டு ஆங்கு நெருப்புண்டென உணர்வது கருதலளவைக்குப் பழைய எடுத்துக்காட்டு. இங்கு நமக்குப் புகையாக உதவுவது எரிபொருள் திருத்த வீதம். எரிந்து வெளியேறும் வாயுவில் எஞ்சிய ஒட்சிசனை மற்றோர் உணரி சோதித்துக் கணினிக்குச் சொல்லுகின்றது. பெற்றோல் குறைந்தது என்று அது சொன்னால் கணினி சிறிது கூட்டும். மிகுந்தது என்றால் சிறிது குறைக்கும். இக்கூட்டலும் குறைத்தலும் நூற்றுவீதமாக ஸ்கானரிற் காணப்படும். கூட்டல் 10 வீதத்துக்குள் நிற்பது பொதுவாக நலம். 20 வீதத்தை அணுகுமாயின் நோய் உண்டு.

இரண்டு வண்டிகள்

ஒரு கணக்கைச் செய்துபார்ப்போம். 1.5 லீற்றர் கொள்ளளவுள்ள இரண்டு கார்கள். இரண்டிலும் குறியீடு பீ 0171.

முதலாவது காரில், வண்டி நிற்க எந்திரம் மெல்ல ஓடும்போது கூட்டல் 20 வீதம்; நிமிடத்துக்கு 2,500 சுற்றாக உயர்த்தினால் 7 வீதம். இரண்டாவது காரில், மெல்ல ஓடும்போது 3 வீதம். 2,500 சுற்றில் 9 வீதம். ஏற்றத்தில் இழுக்கும்போது 20 வீதம்.

முதலாவதன் நோய் என்ன? மெல்ல ஓடும்போது கருவி அளந்த காற்று செக்கனுக்கு 3 கிராம் என்க. கருவிக்குப் பின்னாலுள்ள ஒரு வெடிப்பின் வழியே 0.6 கிராம் காற்று கணக்கில் வராமற் புகுகின்றது. 3க்கு 0.6 என்பது 20 வீதம். 2,500 சுற்றில் அளந்த காற்று 9 கிராம் ஆகின்றது. வெடிப்பின் வழி வருவதோ ஏறத்தாழ அதே 0.6 கிராம். 9க்கு 0.6 என்பது 7 வீதம் அளவே. எனவே, மெல்ல ஓடும்போது மிகுந்தும் விரைய ஓடும்போது குறைந்தும் காணும் கூட்டல், வெடித்த குழாயைக் காட்டும். இவ்வண்டிக்குப் புதுக் கருவி வாங்குபவர் பணத்தை இழப்பர். நோய் இருந்தபடியே இருக்கும்.

இரண்டாவதில் சுமை ஏற ஏறக் கூட்டலும் ஏறுகின்றது. போர்வை போர்த்த கம்பி இவ்வாறு காட்டும். ஆனால் பெற்றோல் பம்பு வலிகுன்றினாலும், பெற்றோல் வடிகட்டி அடைபட்டாலும் இதே நிலை தோன்றும். இரண்டையும் எவ்வாறு வேறுபடுத்துவது? எந்திரம் உண்மையில் எவ்வளவு காற்றை உட்கொள்ளும் என்பதை நாமே கணித்தல் வேண்டும். நாலடி எந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை உட்கொள்ளும். 3,000 சுற்றில் 1.5 லீற்றரை 1,500 தடவை உட்கொண்டால் நிமிடத்துக்கு 2,250 லீற்றர். ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோகிராம், ஆகவே 2.7 கிலோகிராம், செக்கனுக்கு 45 கிராம். திரொட்டில் முழுதும் திறந்தபோதும் உருளைகள் முற்றாக நிரம்புவதில்லை. ஐந்தில் நான்கு பங்கு நிரம்பும் எனக்கொண்டால் செக்கனுக்கு 36 கிராம்.

இனி, ஓட்டுபவர் ஒருவரும் ஸ்கானரைப் பார்ப்பவர் ஒருவருமாக, வாகனநெரிசலற்ற ஓர் ஏற்றத்தில், 3,000 சுற்றில் முழுதும் மிதித்துப் பார்த்தல் வேண்டும். மூன்று முடிவுகள் கிடைக்கலாம்.

காட்டும் அளவு 30 கிராம். கூட்டல் 20 வீதம் எனின், உண்மையாக வந்த காற்று 36 கிராமே. கருவி குறைத்துச் சொல்லுகின்றது. அது அழுக்குற்றது அல்லது பழுதுற்றது.

காட்டும் அளவு 36 கிராம். ஆயினும் கூட்டல் 20 வீதம் எனின், கருவி மெய்யே சொல்லுகின்றது. பெற்றோல்தான் வந்து சேரவில்லை. பம்பையும் பெற்றோல் வடிகட்டியையும் பார்க்க.

காட்டும் அளவு 30 கிராம். கூட்டலோ இயல்பான அளவு எனின், கருவியும் மெய்யானது, பெற்றோலும் ஒழுங்கானது. எந்திரமே மூச்சுத் திணறுகின்றது. காற்று வடிகட்டியோ புகைபோகும் குழாயோ அடைபட்டிருத்தல் வேண்டும்.

ஒரே கருவி சொன்ன ஒரே எண், மற்றோர் எண்ணோடு சேர்ந்தபோது வேறு பொருள் தருவதைக் காண்க. தனிச்சொல்லுக்கு ஒரு பொருளும் தொடரில் வேறு பொருளும் உண்டாதல் இலக்கணம் கற்றோர்க்குப் புதிதன்று.

வேறொரு எளிய சோதனையும் உண்டு. எந்திரத்தை நிறுத்திக் கருவியின் செருகியைக் கழற்றிவிட்டு மீண்டும் ஓட்டினால், பல வண்டிகளிற் கணினி தன்னிடமுள்ள பொது அளவைக்கொண்டு எந்திரத்தை ஓட்டும். அப்போது ஓட்டம் முன்னையிலும் நன்றாயின் கருவியின்மேல் ஐயம் வலுக்கும். ஆயினும் இதை மட்டும் கொண்டு முடிவுசெய்தல் ஆகாது. சிறிய கார்கள் பலவற்றில் இக்கருவியே இல்லை என்பதையும் அறிதல் வேண்டும். அவற்றில் உட்குழாயின் அமுக்கத்தை அளந்து காற்றைக் கணிக்கும் வேறோர் உணரி உண்டு.

துப்புரவு செய்தல்

அழுக்கே காரணமெனத் தெளிந்தால், கருவியைக் கழற்றித் துப்புரவு செய்து பார்க்கலாம். எந்திரம் ஆறிய பின் செருகியை விடுவித்து, கருவியைக் கீழே விழாமற் கழற்றி, இதற்கென்றே விற்கப்படும் தெளிதிரவத்தை மட்டும் தெளித்தல் வேண்டும். பிரேக், காபுரேற்றர் என்பவற்றுக்குரிய திரவங்கள் படலத்தையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கக்கூடும். கம்பியை விரலாலோ தூரிகையாலோ தீண்டலாகாது. அமுக்கக் காற்றை அதன்மேற் பாய்ச்சலும் ஆகாது. நன்கு உலர்ந்த பின்னரே மீளப் பொருத்துக. வடிகட்டியையும் உடன் மாற்றுக. இல்லையேல் அழுக்கு மீண்டும் வந்து சேரும். பின்பு கணினியிலுள்ள பழைய குறியீட்டை நீக்கி, சில நாள் ஓட்டி, திருத்த வீதம் இயல்புக்கு வந்ததா என்று ஒப்புநோக்குக. ஒப்புநோக்காத திருத்தம், விடை சரிபாராத கணக்கை ஒக்கும்.

டீசல் வண்டிகள்

டீசல் வண்டிகளில் இக்கருவியின் தொழில் சற்று வேறு. டீசலின் அளவை ஓட்டுபவரின் மிதியே பெரிதும் தீர்மானிக்கும். எரிந்த வாயுவில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தி நச்சுப்புகையைக் குறைக்கும் ஏற்பாட்டை ஆளுவதற்கும், கரும்புகை எழாதவாறு டீசலுக்கு எல்லை வகுப்பதற்கும் காற்றளவு வேண்டப்படுகின்றது. கருவி குறைத்துச் சொன்னால் கணினி டீசலுக்கு எல்லை வகுத்துவிடும். சுமையேற்றிய வண்டி இழுக்காது. மிகுத்துச் சொன்னால் கரும்புகை எழும். ஆகவே, இழுவை குறைந்தவுடன் டர்போவையும் பம்பையும் கழற்றத் தொடங்குமுன் இச்சிறு கருவியை நோக்குதல் நன்று.

முடிவுரை

இவ்வளவு நுணுக்கம் நமக்கு வேண்டுமோ எனில், அண்மைக்கால நிகழ்ச்சிகளே விடை பகரும். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. அவ்வைந்து ஆண்டுகளும் உள்ள வண்டியையே பேணி ஓட்டவேண்டியிருந்தது. 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அவ்வாண்டு யூலையில் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றரே பங்கு. பத்து வீதம் வீணாக்கும் வண்டி அப்பங்கில் வாரந்தோறும் 2 லீற்றரை வீணாக்கியது. மீன் ஏற்றி வாழ்பவனுக்கு அது ஒரு நாட் பிழைப்பு.

நம் மாணாக்கருட் சிலர் பட்டம் பெறுவர். சிலர் கைத்தொழில் கற்பர். மொறட்டுவையிலுள்ள இலங்கை ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் மோட்டார்த் தொழிலை முறையாகக் கற்க வழியுண்டு. அங்கே செல்லும் மாணவன், கழற்றி மாட்டும் கைத்திறத்தோடு ஏன், எதனால் என்று வினவும் பழக்கத்தையும் உடன் கொண்டுசெல்லல் வேண்டும். ஐயுற்ற உறுப்புகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்க்கும் திருத்தம், வண்டிக்குரியவரின் பணத்தில் நடக்கும் பரீட்சையாகும். கண்டு, கேட்டு, கருதி, பின் கைவைப்பவன் அவ்வுரியவரின் பொருளையும் தன் நற்பெயரையும் ஒருங்கே காப்பவன்.

திருத்துமிடம் வைத்திருக்கும் பழைய மாணவர்க்கு எமது வேண்டுகோள் ஒன்று. தொழில் பழக வரும் இளைஞனுக்குச் சாவியைக் கையிற் கொடுக்குமுன், மேலே கூறிய இரண்டு வண்டிகளின் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதை அவன் தானே செய்து விடை சொல்லட்டும். அதன் பின்னர் வண்டியின் மூடியைத் திறக்கட்டும்.